கொழுந்து மலை வெயிலும் எண்ணெய் வழியும் முகமும்

(பதுளையில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரை என்று பேச வேண்டிய இடத்தில் இவள் முகத்துக்குக் கிறீம் பூசுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று பின்னால் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. போன மாதம் ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்ன டப்பாவைக் காட்டினாள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கன்னத்தில் மங்கு விழுந்ததாம். அதைப் பூசியதும் பத்து நாளில் வெளுத்ததாம். நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்து, முகமெல்லாம் பருவும் வந்துவிட்டது. டப்பாவில் செய்தவர் பெயரும் இல்லை, கலந்த பொருளின் பெயரும் இல்லை. கைப்பிள்ளையை அந்தக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டுதான் நின்றாள்.

முதலில் வெயிலைச் சொல்கிறேன். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதோடு மலையிலும் இருக்கிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். பண்டாரவளை 1200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1400க்கும் மேல். குளிர்காற்று அடிப்பதால் சுடவில்லை என்று நினைக்கிறோம். சூடு வேறு, இந்தக் கதிர் வேறு. மெல்லிய மேகத்தை அது தாண்டி வரும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்து, ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை வாங்கித் தரும் அந்தக் காய்ந்த மாதங்களில் முகத்துக்குப் படும் பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்முடைய கறுத்த தோல் ஓரளவு காப்புத் தரும். அதனால் வெயிலால் தோல் புற்றுநோய் வருவது நமக்குக் குறைவு. ஆனால் மங்கு நமக்குத்தான் அதிகம். பிள்ளைப்பேறும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, ஊசியும் அதைத் தூண்டலாம். வெயில் அதை வளர்க்கும். வெயிலைத் தடுக்காமல் எந்த மருந்தைப் பூசினாலும் மங்கு திரும்ப வரும்.

சரி, வாங்குவதென்றால் எதை வாங்குவது? எஸ்.பி.எஃப். 30 என்றிருந்தால் போதும். அது தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு வீதத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று இருக்க வேண்டும், அல்லது பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது வேண்டும். மங்கை வளர்க்கும் கதிரைத் தடுப்பது அதுதான்.

எண்ணெய் வழிகிற முகமென்றால் கெட்டியான கிறீம் வேண்டாம். ஜெல் அல்லது தண்ணீர் போன்ற லோஷன் பாருங்கள். ‘ஆயில் ஃப்ரீ’, ‘நான் காமெடோஜெனிக்’ என்று எழுதியிருந்தால் அது மயிர்த்துளையை அடைக்காத வகை. பளபளப்பு வராமல் இருக்க ‘மேட்’ என்பதும் உண்டு. மலையில் வேர்வை ஊற்றுவதால் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ வேண்டும், இல்லையென்றால் கரைந்து கண்ணில் எரியும். புதிதாக வாங்கியதைத் தாடை ஓரத்தில் மட்டும் நான்கைந்து நாள் பூசிப் பாருங்கள். எண்ணெய் வழிகிறதே என்று உடுப்புச் சவர்க்காரம் போட்டு முகத்தைத் தேய்க்காதீர்கள். தேங்காயெண்ணெயும் வெயிலைத் தடுக்காது. தலைக்கு வைத்தது நெற்றியில் இறங்கினால் அங்கே பரு வரும்.

அளவு முக்கியம். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு, ஏறத்தாழ ஒரு கிராம். பெரட்டுக்குப் போகக் கால் மணி நேரம் முன்பு ஒரு தடவை. இரண்டு மணிக்கொரு தடவை பூச வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னவர் கொழுந்து எடுத்துப் பார்த்தவராக இருக்க மாட்டார். பகல் நிறுவை முடிந்ததும் கையைக் கழுவி, வேர்வையைத் துடைத்து இன்னொரு தடவை பூசினால் பெரிய காரியம். மருந்து அடித்த மலையில் நின்ற கையோடு முகத்தைத் தொடவே வேண்டாம்.

இப்போது கணக்கு. நாளுக்கு 2 கிராம் என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீரும். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்றார்கள். நல்ல டியூப் ஒன்று பெரும்பாலும் அதைத் தாண்டும். மாதத்தில் ஒரு பேர் முகத்துக்கே போய்விடும். முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி எந்தக் கிறீமுக்கும் குறைந்ததல்ல. கூடைக் கயிறு தலையில் இருப்பதால் அகலத் தொப்பி நமக்குச் சரிவராது. ஆகவே துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டு, கன்னத்தையும் மூடிக் கட்டுங்கள். மங்கு உள்ளவர்கள், வெண்படை உள்ளவர்கள் மட்டும் கிறீமுக்கு முதலிடம் கொடுங்கள். அவர்கள் பதுளை பெரியாஸ்பத்திரியில் தோல் டொக்டரைக் கேட்டு வாங்குவது நல்லது.

அந்த டப்பாவுக்கு வருகிறேன். வெள்ளையாக்கும் கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. கொழும்பில் சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் வாங்கிச் சோதித்தபோதும் இது தெரியவந்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கன்னத்திலிருந்தும் தலையணையிலிருந்தும் பிள்ளைக்கும் போகும். சிலவற்றில் ஸ்டீரொய்ட் மருந்தும் உண்டு. நிறுத்தியதும் பரு பொங்குவது பெரும்பாலும் அதனால்தான். ‘தங்க, வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். நகையைக் கெடுப்பது பாதரசம். வீட்டில் இருந்தால் அடுப்பில் போடாதீர்கள், ஆவியாகி மூச்சில் போகும். இறுக மூடித் தனியே வையுங்கள்.

தோட்டத்திடம் சன்ஸ்கிரீன் கேட்போமா என்றார் ஒரு தலைவர். கேட்கலாம். நான் முதலில் கேட்பது வெட்டிய நிழல் மரத்துக்குப் பதிலாகப் புது மரமும், நிறுவை நடக்கிற இடத்தில் முகம் கழுவத் தண்ணீரும். கவ்வாத்து மலையில் ஒதுங்க ஒரு கொட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் உங்கள் தோட்டக் கமிட்டியில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலுள்ள கிறீம்களையெல்லாம் கொண்டு வாருங்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், ஒவ்வொன்றாகப் படிப்போம். பெயரே இல்லாத டப்பாக்களை விற்ற கடையைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அன்றைக்கே சொல்லிவிடலாம்.