சனிக்கிழமைகளில் வரும் நம் வாலிபர்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலய குருவானவர் பேசியது)

நீங்கள் அனுப்பும் காணிக்கைகளைக் குறித்துப் பொருளாளர் விவரமாகச் சொல்லிவிட்டார். பணமாக வராத வேறொரு காணிக்கையைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

சனி, ஞாயிறுகளில் நமது வார்டுகளில் ஊழியம் செய்யும் வாலிபர்களில் பலர் சென்னையில் கால் சென்டர்களில் வேலை செய்கிறவர்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30. அங்கே மாலை 6 மணிக்கு வேலை முடிந்தால் இங்கே அதிகாலை 3.30. வெள்ளிக்கிழமை இரவு வேலைக்குப் போனவர் சனிக்கிழமை விடியும் நேரத்தில்தான் வீடு சேருகிறார். அவரே 9 மணிக்கு நம் வாசலில் வந்து நிற்கிறார்.

இவர்கள் ஞாயிறு ஆராதனையில் தூங்குகிறார்கள் என்று ஒரு மூப்பர் என்னிடம் வருத்தப்பட்டார். உண்மைதான், என் பிரசங்கத்திலும் தூங்குகிறார்கள். ஆனால் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலரும் அதே நேரத்தில் தூங்குவதால், நான் வேலையை மட்டும் குற்றம் சொல்வதில்லை.

இவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடன் அட்டை பற்றிய புகார்களைக் கேட்பது அவருடைய வேலை. எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு திட்டினாலும் குரலை உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நிமிடம் எடுத்தது என்று கணக்கு வைக்கிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்பதால், விசாரணைக் கவுண்டரில் அவரை உட்கார வைக்கலாம் என்று நம் குழுவினர் எண்ணினார்கள். படுக்கை கிடைக்காத உறவினர், பில் புரியாதவர், சீட்டைத் தொலைத்தவர் எல்லாரும் கோபத்தோடு வந்து நிற்கும் இடம் அது. தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐயா, பேசாத வேலை ஏதாவது இருந்தால் கொடுங்கள்" என்றார்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்காகத் துணி வெட்டி மடிக்கும் அறைக்கு அவரை அனுப்பினோம். அங்கே இரண்டு வயதான சகோதரிகளோடு உட்கார்ந்து காஸ் துணி மடித்தார். மூன்று மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், யார் சொல்லியும் அல்ல, தானாகவே வார்டுக்குப் போய், கண் கட்டியிருந்த ஒரு தாத்தாவுக்கு மகன் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார். இன்றும் கவுண்டருக்கு அவர் போகவில்லை. போகவும் வேண்டாம்.

நமது இரத்த வங்கியில், இரவு வேலை முடித்து உறங்காமல் வருகிறவரிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். தூங்கிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். ஆணானால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்ணானால் நான்கு மாதத்திற்கு ஒருமுறைதான் கொடுக்கலாம் என்ற கணக்கும் உண்டு. ஒருவருடைய இரத்தத்தில் இவ்வளவு கவனமாயிருக்கிற நாம், அவருடைய காதையும் பொறுமையையும் வாரந்தோறும் அளவில்லாமல் எடுத்துக்கொள்ளலாமா? எலியா சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்தபோது தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடியும் தூங்கினான், தூதன் விட்டுவிட்டான். நெடும்பயணம் அதற்குப் பிறகுதான். வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பின்மாறிப்போனவன் என்று முத்திரை குத்துமுன் இந்தப் பகுதியை வாசிக்கும்படி வாலிபரின் பெற்றோருக்கும் நான் சொல்லுகிறேன்.

ஆகவே இனி இவர்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும், அதுவும் பிற்பகல் 3 மணிக்கு மேல் வந்தால் போதும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். இதனால் காலை வேளையில் ஆள் குறையும். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்போது இவர்களுடைய வேலை நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாக முடியும்.

இங்கே வந்திருப்பவர்களில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை சக்கர நாற்காலி தள்ளவும், துணி மடிக்கவும் எட்டுப் பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் தேநீருக்குப் போகும்முன் வாசல் மேசையில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.