பழைய நாவல்களும் நாங்களும்

பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் சாலை பிரிகிற ஆயர் ஈத்தாமிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் தோட்டம். மாலை வேளைகளில் பெற்றோர் ஆறேழு பேரும் ஆசிரியர்களாகிய நாங்களும் பள்ளிக்கூடத்தில் அமர்ந்து, பெயர்பெற்ற பழைய தமிழ் நாவல்களைப் படித்துப் பார்த்தோம். கண்டதை மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் எடுத்தது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879-இல் வெளிவந்தது. பயிற்சிக் கல்லூரியில் இதையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். ஆனால் நூலை முழுதாகப் படித்தவர் எங்களில் ஒருவருமில்லை!

படித்தபோதோ கதை நகரவில்லை. ஒரு சம்பவம் தொடங்கினால் உடனே ஒரு கிளைக்கதை, அதன் பின்னால் ஒரு புத்திமதி. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போன ஓர் அம்மாள், மூன்றாம் நாளுக்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "எனக்குத் தமிழ் பத்தாது சார்" என்றார். தவறு தம்முடையது என்றே எண்ணிவிட்டார். எங்களுக்குச் சுருக்கென்றது. நாங்களும் தடுக்கி விழுந்தோம் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். செய்யுளே பெருகிக் கிடந்த காலத்தில் உரைநடையில் நெடுங்கதை சொல்லப் பாதை போட்டவர் அவர். புதுப்பாதையில் கல்லும் கட்டையும் கிடக்கத்தானே செய்யும்? "பக்கங்களைத் தள்ளிவிட்டு, ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் இடத்தைப் படியுங்கள்" என்றோம். படித்துவிட்டுச் சிரித்தார். "ஆம்பளை வேசம் போட்டாத்தான் ராஜாவா, சார்?" என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை.

அடுத்தது ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. ஊர்ப் பெண்கள் கூடிப் பிறர் குடும்பத்தை அலசும் 'வம்பர் மகாசபை'யைப் படித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நம் லயத்துக் குழாயடிதான்! யார் பெயரையும் எவரும் சொல்லவில்லை. செய்யுளையே கட்டிக்கொண்டு அலையும் தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வந்தபோது, எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிற்பகுதியில் வேதாந்தம் கனக்கிறது. இருவர் தூங்கிவிட்டோம், இருவரும் ஆசிரியர்கள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு எங்கள் சிபாரிசு தேவைப்படவில்லை. பெயர்கள் மட்டும் குழப்பின. ஒரு பையன் சோழர் வமிசத்தைக் கரும்பலகையில் எழுதிவைத்தான். ஐந்து பாகங்களில் மூன்றாவதில் இருக்கிறோம்.

ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், "இதிலே நம்ம சனம் எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. பிரதாப முதலியார் அச்சேறிய நாளிலேயே நம்மவர்கள் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைகளின் நடுவில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே, மலேசியத் தோட்டங்களை வைத்து அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நூலைக் கொடுத்தோம். இரண்டே நாளில் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நம்ம கதை நமக்குத் தெரியுமே, வாத்தியாரே. அந்த வம்புக்காரப் பொம்பளைங்க புத்தகத்தைக் கொடுங்க" என்றார்.

அது அவருக்குக் கிடைக்கவில்லை. பால்மரம் வெட்டிய அம்மாள் முன்னமே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். இன்னும் திருப்பித் தரவில்லை.