சிறிய கைக்கு ஏற்ற பேஸ் கித்தார்



கண்டிப் பெரஹராவிலே முழவு கொட்டுவோர் நெடுநேரம் நடந்தும் ஆடியும் சோர்வின்றி இசைப்பதைக் கண்டிருப்பீர்கள். முழவு இடையிற் கட்டப்பட்டிருப்பதால் அதன் சுமையை உடல் தாங்குகிறது. கைகள் இசைக்கே உரியனவாகின்றன. பிள்ளைகளுக்குப் பேஸ் கித்தார் வாங்க எண்ணும் பெற்றோரும் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பைலாவிலும் தமிழ்ப் பொப் பாடல்களிலும் தாளத்தையும் சுருதியையும் ஒருங்கே தாங்குவது, நான்கு தடித்த தந்திகளையுடைய இக்கருவியாகும். இதனைப் பயில விழையும் சிறுமி ஒருத்தியிடம், "உன் கை சிறிது, உனக்கு இது வராது" என்று கூறிவிடுவது எளிது. அச்சொல்லால் ஓர் ஆர்வம் முளையிலேயே கருகிவிடும். உண்மையிற் குறை கையில் அன்று. கருவியின் அளவிலேயே உள்ளது.

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பேஸ் கித்தாரில், தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான கருவிகள் இவ்வளவையே பின்பற்றுகின்றன. இதில் முதலாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 5.1 அங்குலம். 30 அங்குலக் கருவியிலோ அது 4.5 அங்குலமே. அரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த இவ்வேறுபாடு சிறிய விரல்களுக்குப் பெரும் ஆறுதலாகும். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி புகழ்பெறச் செய்த ஹொஃப்னர் வயலின் வடிவக் கருவியும், 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங்கும் இக்குறுநீள வகையினவே. ஆகவே, இவை சிறுவர் விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணற்க.

அடுத்தது எடை. பொதுவாகப் பேஸ் கித்தார் 8 முதல் 10 இறாத்தல் வரை இருக்கும். தொடங்குவோர்க்கு 7 இறாத்தல் அளவினது நலம். ஆயினும் எடை குறைவு மட்டும் போதாது. அகன்ற தோள்வாரில் கருவியைத் தொங்கவிட்டுக் கைகளை எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதி கீழே சாயுமாயின், இடக்கை அதனைத் தாங்குவதிலேயே களைத்துவிடும். கழுத்தின் அகலத்தையும் பருமனையும் பிள்ளையின் கையிலேயே வைத்துச் சோதித்தல் வேண்டும்.

குறுநீளக் கருவியில் மிகத் தாழ்ந்த தந்தி சற்றே தளர்ந்து ஒலிக்கக்கூடும். சிறிது தடித்த தந்தி பூட்டினால் அது பெரிதும் சீராகும். அதற்கேற்ற நீளமுடைய தந்திகள் கண்டியிலே கிடைக்குமா என்பதையும் வாங்குமுன் கேட்டறிக. வாசிக்கும்போது நான்கு விரல்களையும் நான்கு மெட்டுக்களில் வலிந்து விரித்தல் வேண்டா. பெரிய கொன்ட்ரபாஸ் வாசிப்போர் கீழ்நிலைச் சுரங்களில் மோதிர விரலையும் சிறுவிரலையும் சேர்த்தே அழுத்துவர். அம்முறை இங்கும் உதவும்.

"வளர்ந்தபின் பொருந்தும்" என்னும் சிக்கனம் சட்டைக்குத் தகும், இசைக்கருவிக்குத் தகாது. கடையிலே பத்து நிமிடமேனும் பிள்ளை அதனை அணிந்து நிற்கட்டும். மணிக்கட்டு நோகாத கருவியே நாள்தோறும் கையிலெடுக்கப்படும். நாள்தோறும் எடுக்கப்படும் கருவியே இசை தரும்.