ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்க்கு



ஆங்கில இலக்கணம் என்றவுடன் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். தாய்மொழிக்கும் அம்மொழிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால் பல பிழைகள் தாமே நீங்கும்.

'வந்தேன்' என்னும் ஒரு சொல்லிலேயே வந்தவர் யார் என்பது தமிழில் விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் எழுதினால் வந்தவர் நானா, நீயா, அவனா என்பது தெரியாது. ஆகவே அங்கே எழுவாயை எழுதியே தீர வேண்டும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினையும், அதன்பின் செயப்படுபொருளும் வரும். 'எ', 'ஆன்' என்பவற்றை எழுத்தைப் பார்த்து இடாமல் ஒலியைக் கேட்டு இட வேண்டும். 'ஆன் அவர்', 'எ யுனிவர்சிட்டி' என்பன அவ்வாறு அமைந்தவையே.

செயப்பாட்டு வினையில் விழிப்பு வேண்டும். 'தண்ணீர் மறுக்கப்பட்டது' என்று எழுதினால் மறுத்தவர் மறைந்துவிடுகிறார். 'ஊரார் தண்ணீர் தர மறுத்தனர்' என்று எழுதினால் செய்தவர் வெளிப்படுகிறார். இரு மொழிக்கும் பொதுவான இவ்வுண்மையை மனு எழுதும்போது நாம் மறத்தல் ஆகாது.

கவிதையைப் படிக்கும்போதும் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்றே முதலில் கேட்போம். 1919-இல் அமெரிக்காவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிய வேளையில், ஜமைக்காவில் பிறந்த கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே 'இஃப் வீ மஸ்ட் டை' என்னும் கவிதையை இயற்றினார். ஷேக்ஸ்பியர் கையாண்ட 14 அடிச் சானெட் வடிவமே அது. இறுதி ஈரடி இயைந்து முடிவை உரைக்கும். அதில் இனப்பெயர் எதுவும் இல்லை. 'நாம்' என்னும் சொல்லே ஒடுக்கப்பட்டோர் யாவரையும் அழைக்கிறது.

கட்டுரையில் ஒரு பத்திக்கு ஒரு கருத்துப் போதும். கருத்தைக் கூறிச் சான்று காட்டுக. எதிர்வாதத்தையும் மறைக்காது எடுத்துரைத்து விடையளிக்க. சாதி ஒரு தொழிற்பிரிவினையே என்போரின் வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் முன்வைத்தே மறுக்கிறார். லாகூர் மாநாட்டிற்கென ஆங்கிலத்தில் எழுதிய அவ்வுரையின் சில பகுதிகளை மாநாட்டார் ஏற்கவில்லை, மாநாடு நடைபெறவில்லை. அண்ணலோ கருத்தை மாற்றாது 1936-இல் தம் செலவிலேயே அதனை அச்சிட்டார்.

மாணவச் செல்வங்களே! நாள்தோறும் ஒரு பத்தி எழுதுங்கள். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்று தேடுங்கள். நம் வழக்கை நாமே எழுதும் ஆற்றல் அதனால் வளரும்.