கால் வீக்கமும் கழுத்துக் கட்டியும்



ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லவே வந்தேன்.

கால் வீங்கினால் நம்மவர்கள் "வயதாகிவிட்டது" என்பார்கள். சிறுநீரில் நுரை தங்கினால் "இனிப்பு நீர்" என்பார்கள். மலேசியாவில் சிறுநீரகம் பழுதாக முதற்காரணம் இனிப்பு நீர்தான். ஆனால் அது ஒன்றே காரணமன்று.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காய்ச்சினார். அது முட்டை வெண்கருபோல் திரண்டது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்பதை 1827-இல் எழுதினார். அதே மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கணுக்கள் வீங்கும் நோயை 1832-இல் விவரித்தார். அதுவே லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு வகை. இவ்விரு நோய்களும் சில வேளை ஒரே உடலில் கைகோத்து வரும் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

எப்படி? வீங்கிய கணுக்கள் சிறுநீர்க் குழாயை நெருக்கலாம். புற்றணுக்கள் சிறுநீரகத்திலேயே குடியேறலாம். குடியேறாமலும், நோய் எதிர்ப்பு ஆற்றல் நிலைகுலைவதால் சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகலாம். கட்டி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இந்த ஒழுக்கு தொடங்குவதும் உண்டு.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. இனிப்பு நீர் இல்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தே மூன்று மாதம் போயிற்று. பிறகு மருத்துவமனையில் ஊசியால் சிறுநீரகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். வலிக்காததால் அவர் பொருட்படுத்தாத கழுத்துக் கட்டியையும் சோதித்தார்கள். லிம்போமா. புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஏற்ற, சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் நின்றது. இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் கடையைக் கவனித்து வருகிறார்.

அன்பர்களே, அஞ்ச வேண்டாம். இது அரிதாக வருவது. நுரை கண்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று பொருளில்லை. ஆயினும் நுரையோ வீக்கமோ நீடித்தால் சிறுநீரைச் சோதியுங்கள். கிளினிக்கில் ஒரு கீற்றை நனைத்தாலே புரதம் தெரிந்துவிடும். இருந்தால், "ஏன்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி, இரவு வியர்வை, விடாத காய்ச்சல், காரணமில்லா மெலிவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையே தேறும். நோயிலும் அப்படித்தான்.