வரைபடமே நம் விண்ணப்பமாகட்டும்!



வெள்ளவத்தைக் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு எவ்வளவு தூரம்? சில நிமிட நடை என்பீர்கள். உங்கள் கைத்தொலைபேசியும் அதையே சொல்லும். சக்கர நாற்காலியில் செல்பவரைக் கேளுங்கள். நடைபாதை எங்கே அரையடி உயர்ந்து நிற்கிறது, மின்கம்பம் எங்கே வழிமறிக்கிறது, முச்சக்கர வண்டிகள் எங்கே வரிசைகட்டி நிற்கின்றன என்று அவர் சொல்வார். அவர் அறிந்த நகரம் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஏன் இல்லை? வரைபடத்தில் வீதி என்பது பெரும்பாலும் நடுவே இழுத்த ஒரு கோடு. நடைபாதை இடப்புறமா வலப்புறமா, அதன் அகலமென்ன, சரிவென்ன என்பவை அக்கோட்டில் அடங்கா.

பிற நாட்டார் இதற்கு வழி கண்டனர். எவரும் திருத்தக்கூடிய பொதுவுடைமையான உலக வரைபடம், ஓபன் ஸ்ட்ரீட் மேப், 2004இல் இங்கிலாந்தில் தோன்றியது. அதன்மீது 2010இல் பெர்லின் இளைஞர்கள் ‘வீல்மேப்’ அமைத்தனர். சக்கர நாற்காலி நுழையும் இடத்துக்குப் பச்சை, அரைகுறையாயின் மஞ்சள், நுழையாவிடின் சிவப்பு, எவரும் பார்த்துச் சொல்லாத இடம் சாம்பல்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சரிவளக்கும் கருவி கைத்தொலைபேசியிலேயே உண்டு. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் என்பது உலகம் ஏற்ற கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடி வேண்டும். கடைவாசலில் இரண்டடிப் பலகை சாய்த்துவிட்டுக் கடமை முடிந்ததென்பாரை இக்கணக்கு மடக்கும். ஒன்று மட்டும் கவனிக்க: உயர்ந்த மாடிவீடுகளுக்கிடையே செயற்கைக்கோள் சமிக்ஞை சில மீற்றர் பிசகும், வீதியின் எப்பக்கம் என்பதை நேரில் சென்றே குறிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோரையும் உடன் அழையுங்கள். அவர்களே இதில் ஆசிரியர்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2006இல் அணுகு வசதி விதிகள் பிறந்தன. 1992இல் ஓடும் காரின்மேல் மரம் சாய்ந்து நடையிழந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். ‘நீதிமன்றப் படியேறினார்’ என்பது நம் வழக்கு. அச்சொல்லே அவரைப் பழிக்கும்! புதிய பொதுக் கட்டடங்கள் விதிகளுக்கு இணங்கவேண்டுமென 2011 ஏப்ரல் 27இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் அரசு உறுதிப்படுத்தியது. தாளிலே சாய்தளம் உண்டு, தரையிலே எங்கே?

2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலுமானோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனுமோர் இயலாமையுடையோர். 2009இல் முடிந்த போரில் காலிழந்த நம்மவர் மருத்துவம் நாடியும் அலுவல் நாடியும் வடக்கு கிழக்கிலிருந்து கொழும்பு வருகின்றனர். அவர்கள் கையிலுள்ள வரைபடம் தமிழ் பேச வேண்டாமா? பார்வையற்றோருக்கு அது குரலாலும் வழிகாட்ட வேண்டும். அக்குரல் அவர்தம் தாய்மொழியில் ஒலிக்க வேண்டும். 1987 முதல் அரசியலமைப்பில் தமிழும் ஆட்சிமொழி. வீதிப் பலகைக்காகப் போராடிய நாம், கைத்தொலைபேசித் திரைக்காக வாய்மூடி இருப்பதா?

மாநகர சபையை மட்டும் குறை கூறேன். நம் திருமண மண்டபங்களின் படிகளை எண்ணியிருக்கிறோமா? கோயில் வாசற்படியில் நாற்காலியோடு ஒருவரைத் தூக்கிச் செல்வதைத் தொண்டென்று மெச்சுகிறோம். தூக்கப்படுபவர் முகத்தைப் பார்த்தவர் மெச்சமாட்டார். அவ்வாசல்களும் சிவப்பிலேயே விழட்டும்.

இளைஞர்களே! கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து தொடங்குங்கள். புனித லூசியா பேராலயம் வரை செல்லுங்கள். வெள்ளவத்தையில் சந்தையிலிருந்து இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் வரை. ஒவ்வொரு தடைக்கும் ஒரு படம், ஓர் அளவு, ஒரு தேதி. சிவப்புப் புள்ளிகளைப் பட்டியலாக்கி, 2006ஆம் ஆண்டு விதிகளையும் 2011ஆம் ஆண்டுக் கட்டளையையும் இணைத்து, நகர மண்டபத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே வழியே செல்லுங்கள். எத்தனை சிவப்பு பச்சையாயிற்று என்பதை இதே மேடையில் எண்ணுவோம்.