வீடு குடும்பத்துக்கு, மண்ணு ஊருக்கு!

(கோவையில் நம் தகவல் தொழில்நுட்ப அணி இளைஞர் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க தோழர்களே, பகிருங்க.)

ஷிப்ட் முடிச்சு நேரா வந்திருக்கற திருப்பூர் தோழர்களுக்குத் தனி வணக்கம்.

நான் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். எங்கப்பா லேத் பட்டறை வேலை. கணபதியில லைன் வீடு, ஆறு வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம். நான் பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள அஞ்சு வீடு மாறிட்டோம். பீரோவை ஏத்தின டெம்போ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வடக்கே போச்சு. இப்ப கோவில்பாளையத்துல இருக்கோம். அப்பாவோட பட்டறை மட்டும் அதே கணபதியில.

ஏன் இப்படின்னு யோசிச்சுப் பாருங்க. வீடு கட்டற செலவு கணபதியிலயும் அன்னூர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கம்பி, சிமெண்ட் விலை ஊருக்கு ஊர் பெருசா மாறாது. மாறறது சென்ட் விலை. நம்மளை ஊரை விட்டுத் தள்றது வீடு இல்லைங்க, வீட்டுக்குக் கீழே இருக்கற மண்ணு.

அப்ப மண்ணையும் வீட்டையும் தனித்தனியாப் பிரிச்சா? அதுதான் சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளை பேர்ல இருக்கும், அதை என்னைக்கும் விக்கக் கூடாது. வீடு குடும்பத்தோடது. நிலத்துக்கு 99 வருஷக் குத்தகை, அது பிள்ளைகளுக்கும் தொடரும்.

ஒரு கணக்கு சொல்றேன், உதாரணத்துக்குத்தான். ரெண்டு சென்ட் நிலம் 16 லட்சம், வீடு கட்ட 10 லட்சம். வெளிச் சந்தையில 26 லட்சம் வேணும். அறக்கட்டளை நிலத்துல 10 லட்சம் போதும். பத்து வருஷம் கழிச்சு அந்த வீட்டு மதிப்பு 18 லட்சம்னு வைங்க. ஏறின 8 லட்சத்துல கால்வாசி உங்களுக்கு. போட்ட பத்தோட ரெண்டு சேர்த்து 12 லட்சம் வாங்கிட்டுப் போகலாம். அடுத்த குடும்பத்துக்கும் அதே 12 லட்சத்துக்கு வீடு கிடைக்கும். மானியம் ஒரே தடவைதான், பலன் தலைமுறை தலைமுறையா. இன்னைக்கு மானியத்துல கட்டற வீடு கைமாறினா மார்க்கெட் ரேட்டுதான். அந்த மானியம் அதோட காலி.

"இதெல்லாம் வெளிநாட்டு ஐடியா"ன்னு ஒரு அண்ணன் இப்பவே முணுமுணுக்கறாரு. இல்லைங்கண்ணா. 1951-ல தெலங்கானா போச்சம்பள்ளியில வினோபா பாவே தொடங்கினது பூதானம். அது வளர்ந்து கிராமதானம் ஆச்சு. நிலம் ஊர்ச் சபைக்கு, உழுற உரிமை குடும்பத்துக்கு. 1956-57-ல அவர் தமிழ்நாட்டுலயும் நடந்தாரு. அந்த கிராமதானத்தைப் படிச்ச அமெரிக்கர்களும் கறுப்பின உரிமைப் போராளிகளும் சேர்ந்து 1969-ல ஜார்ஜியாவுல 5,700 ஏக்கர்ல 'நியூ கம்யூனிட்டீஸ்' தொடங்கினாங்க. முதல் சமூக நில அறக்கட்டளை அதுதான். கடனும் வறட்சியும் அரசாங்கக் கடன் துறையோட பாகுபாடும் சேர்ந்து 1985-ல அந்த நிலம் கைவிட்டுப் போச்சு. ஆனா யோசனை பரவிடுச்சு. நம்ம மண்ணுல முளைச்சது அங்க போய் மரமாச்சு, நாம இங்க சென்ட் விலை கேட்டுட்டு நிக்கறோம்.

இப்ப நம்ம குளங்களுக்கு வாங்க. உக்கடம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம். கரையில இருந்த மக்களை கீரணத்தம், மலுமிச்சம்பட்டின்னு அனுப்பினாங்க. குளம் அழகாச்சு, சந்தோஷம். பூ கட்டி வித்த அக்கா, சுமை தூக்கின அண்ணன் வேலைக்கு வர ரெண்டு பஸ் மாறணும்.

போர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவான்லயும் இதே கதை. கான்யோ மார்ட்டின் பென்யாங்கற வாய்க்கா, கரையெல்லாம் குடிசை. வாய்க்காலைச் சுத்தம் பண்ணினா நில விலை ஏறும், நம்மளைத் துரத்திடுவாங்கன்னு மக்கள் முன்கூட்டியே கூடிப் பேசினாங்க. 2004-ல சட்டமே வந்துச்சு. சுமார் 200 ஏக்கர் மக்களோட அறக்கட்டளைக்கு வந்துச்சு. வாய்க்காப் பக்கத்திலேயே வாழற உரிமை அவங்க கையில.

"பட்டாதானே தம்பி கௌரவம், அதைத் தர மாட்டேங்கறயா?" நியாயமான கேள்வி. பட்டா இல்லாம மூணு தலைமுறை தவிச்ச மக்கள்கிட்ட லேசா பதில் சொல்லிட முடியாது. ஆனா பஞ்சமி நிலத்தை நினைச்சுப் பாருங்க. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு, 1892-ல இருந்து சென்னை மாகாணத்துல தாழ்த்தப்பட்ட மக்களுக்குன்னு 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கினதாச் சொல்றோம். மத்தவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு நிபந்தனையும் இருந்துச்சு. இன்னைக்கு எங்க அந்த நிலம்? நிபந்தனை காகிதத்துல இருந்துச்சு, காவலுக்கு ஆள் இல்லை. அறக்கட்டளைன்னா அந்த ஆள் இருக்கணும். நிர்வாகக் குழுவுல மூணுல ஒரு பங்கு குடியிருப்பவங்க, ஒரு பங்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க, ஒரு பங்கு உள்ளாட்சியும் நிபுணர்களும். யாரும் தனியா நிலத்தை நகர்த்த முடியாது. அந்தக் குழுவுல நம்ம கட்சிக்காரன் மட்டும் உக்காரக் கூடாது. இதையும் இங்கேயே சொல்லிடறேன், கைதட்டல் குறைஞ்சாலும் பரவாயில்லை.

"குத்தகை நிலத்துல வீடா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்: சிப்காட். கம்பெனிக்காரங்களுக்கு 99 வருஷக் குத்தகைக்குத்தானே நிலம் தர்றாங்க? அதை நம்பித்தானே கோடிக்கணக்குல மெஷின் இறக்கறாங்க, பேங்கும் கடன் தருது? முதலாளிக்குப் பாதுகாப்பான குத்தகை தொழிலாளிக்கு மட்டும் எப்படிங்க பாதுகாப்பில்லாமப் போகும்?

அடுத்து, என் சப்ஜெக்ட். என்ன வீடு கட்டறது? தடாகம் பள்ளத்தாக்குல செம்மண்ணைப் பனைமர ஆழத்துக்குத் தோண்டினதையும், யானை நடமாடற பாதை பள்ளமானதையும் பார்த்தோம். 2021-ல அங்க சூளைகளை மூடினாங்க. மறுபடி சுட்ட செங்கல்லையே நம்பினா வேற ஏதாவது பள்ளத்தாக்கு காலி. அழுத்திச் செய்யற மண் கல் இருக்கு. செம்மண்ணோட சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, மெஷின்ல அழுத்தி, தண்ணி தெளிச்சுப் பதப்படுத்தணும். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஆரோவில்ல பல வருஷமா கட்டிட்டிருக்காங்க. அஸ்திவாரம் தோண்டின மண்ணையே பல இடத்துல பயன்படுத்தலாம். எல்லா இடத்துலயும் இல்லைங்க. சூலூர், பல்லடம் பக்கம் கரிசல் மண் ஈரத்துல உப்பும், வெயில்ல வெடிக்கும். அங்க மண் பரிசோதனை இல்லாம கை வைக்கக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாசம் மத்தியானம் படுத்தவங்களுக்குத்தான் தெரியும், தடிமனான மண் சுவரோட அருமை.

தோழர்களே, நாம கேக்க வேண்டியது பெருசா ஒண்ணுமில்லை. முதல்ல ஒரு ஏக்கர். மாநகராட்சியிலயோ பேரூராட்சியிலயோ சும்மா கிடக்கற பொது நிலம் ஒரு ஏக்கர், முப்பது குடும்பம். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம் வேண்டாம், அது வேற சண்டை. உங்க வார்டுல எந்த நிலம் காலியா இருக்கு, யார் பேர்ல இருக்குன்னு சர்வே நம்பரோட எடுத்து வைங்க. கிராமத்துல இருக்கறவங்க அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்க, தீர்மானமா எழுதச் சொல்லுங்க. நகரத்துல கவுன்சிலரைப் பாருங்க. நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் இதே கேள்விதான்: "இந்த நிலத்தை ஏலம் விடப் போறீங்களா, இல்ல எங்க ஊர் பேர்ல வைக்கப் போறீங்களா?"